கியூஆர் கோடு: வணிகப் பயன்பாடு

கியூஆர் கோடு என்பது கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் தகவலைப் பொதிந்து வைக்கும் இருபரிமாணக் குறியீடு. கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக 1994-இல் ஜப்பானில் உருவானது. பணம் வாங்கவும் வரி பில் போடவும் மருந்தின் மூலத்தைச் சரிபார்க்கவும் பயன்படும் இது, இப்போது கடைப் பொருள்களின் உறையில் பழைய பார்கோடின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.

தோற்றம்

டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனத்தில் சில பெட்டிகளுக்குப் பத்து பார்கோடு வரை ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு பார்கோடில் ஏறத்தாழ 20 எழுத்துகளே அடங்கும் என்பதே காரணம். தொழிலாளர்கள் நாள் முழுக்க ஸ்கேனரும் கையுமாக அல்லாடினார்கள். இதற்கு மாற்றுத் தேடும் பொறுப்பைப் பொறியாளர் மசாஹிரோ ஹாரா எடுத்துக்கொண்டார்.

நிறையத் தகவலை அடைப்பதைவிட, சுற்றிலும் அச்சாகியிருக்கும் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே ஸ்கேனர் குறியீட்டைச் சட்டென்று கண்டுகொள்வதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. ஹாராவின் குழு துண்டு நோட்டீஸ், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று கண்ணில் பட்ட அச்சையெல்லாம் அலசியது. கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி வருவது அச்சில் மிக அரிது என்று தெரிந்தது. மூன்று மூலைகளிலும் உள்ள சதுரங்கள் இந்த விகிதத்தில் அமைந்தவை. அதனால்தான் தலைகீழாகக் காட்டினாலும் கருவி படித்துவிடுகிறது.

ஒரு குறியீட்டில் அதிகபட்சம் 7,089 இலக்கங்கள் அடங்கும். பிழை திருத்தும் திறன் நான்கு நிலைகளில் உண்டு. உச்ச நிலையில், சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் தகவல் மீளும். டீக்கடைக் கல்லாவில் எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் கிழிந்த ஸ்டிக்கர்கூட வேலை செய்வது இந்தத் திறனால்தான்.

டென்சோ காப்புரிமை பெற்றது. ஆனால் தரநிலைப்படி பயன்படுத்துவோரிடம் கட்டணம் கேட்கவில்லை. 2000-இல் இது சர்வதேசத் தரநிலையாக ஏற்கப்பட்டது.

கல்லாப்பெட்டிக்கு வந்தது

இந்தியாவில் கைபேசி வழிப் பணப் பரிமாற்ற முறையான யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. கார்டு தேய்க்கும் மெஷினை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ தயங்கிய சிறு கடைக்காரருக்கு, அச்சடித்த ஒரு தாளே போதுமானதாயிற்று. படிக்கும் கருவி வாடிக்கையாளரின் சட்டைப் பையிலேயே இருந்தது. 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ வரவுக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. அதே ஆண்டு அக்டோபரில், எந்தச் செயலியாலும் படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டுக்கு மாறும்படி பணப்பரிமாற்ற நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 ஆகஸ்டில் மாதத்துக்கு 1,000 கோடியைத் தாண்டிய யுபிஐ பரிவர்த்தனைகள், 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைக் கடந்தன.

பணம் வந்ததா என்று போனை எடுத்துப் பார்க்கக் கடைக்காரருக்கு நேரமில்லை. இரண்டு கையும் மாவிலோ பாலிலோ இருக்கும். சிம் கார்டு பொருத்திய சவுண்ட் பாக்ஸ் வந்த தொகையைத் தமிழிலேயே அறிவிக்கிறது. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி நழுவுவதும் கடினமாயிற்று. சேவை தரும் நிறுவனங்களுக்கோ இந்தப் பெட்டியின் மாத வாடகை ஒரு வருமானம்.

மோசடியும் கூடவே வந்தது. கடையின் ஸ்டிக்கர் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது ஒரு வகை. "பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பது இன்னொரு வகை. பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை.

பொருளின் உறையில்

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டிராய் நகரில் ஒரு சூயிங் கம் பாக்கெட்டில் தொடங்கிய கடை பார்கோடு, பொருள் எது என்பதை மட்டுமே சொல்லும். ஒரே ரக பிஸ்கட் பாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இல்லை. கியூஆர் கோடில் இவற்றையும் சேர்க்கலாம். அப்போது காலாவதியான பாக்கெட்டுக்குப் பில்லிங் கணினியே பில் போட மறுக்கும்; பழுதான பேட்சை மட்டும் விற்பனையிலிருந்து நிறுத்தலாம். 2027 இறுதிக்குள் உலகெங்கும் சில்லறைக் கடைகளின் ஸ்கேனர்கள் இருபரிமாணக் குறியீட்டையும் படிக்க வேண்டும் என்பது, பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இலக்கு.

சில துறைகளில் சட்டமே முந்திக்கொண்டது. இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்குத் தரும் ஜிஎஸ்டி மின்-பில்லிலும் அதே நாள் முதல் கியூஆர் கோடு இருக்க வேண்டும்.

ஏற்றுமதியாளர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு, கியூஆர் கோடு வழியே திறக்கும் 'பேட்டரி பாஸ்போர்ட்' என்ற விவரப் பதிவு தேவைப்படும். இதேபோன்ற டிஜிட்டல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவர முன்னுரிமை பெற்ற பொருள்களில் ஆடையும் உண்டு. ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூருக்கு இதில் குறியீட்டை அச்சடிப்பது சின்ன வேலை. அங்கே ஒரு டி-ஷர்ட்டின் நூல், நிட்டிங், சாயம், தையல் எல்லாம் பெரும்பாலும் வெவ்வேறு யூனிட்களில் ஜாப் ஒர்க்காக நடக்கின்றன. அத்தனை யூனிட்களிலிருந்தும் நூலின் மூலம், சாயத்தின் வகை போன்ற விவரங்களை ஒரே வடிவத்தில் வாங்கித் தொகுப்பதுதான் ஏற்றுமதியாளர் முன் நிற்கும் வேலை.