செல்

உயிருள்ள எதன் அடிப்படை அலகும் செல்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செல்' என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் 'கலம்' என்கின்றன. 'உயிரணு' என்பதும் வழக்கில் உண்டு. உள்ளே ஏதோ ஒன்றை ஏந்தி நிற்பது என்ற பொருள் தரும் 'கலம்' மிகப் பொருத்தமான சொல். ஏனெனில் 'செல்' என்ற பெயர் வெறும் கூட்டுக்கு வைத்த பெயர்.

அந்தப் பெயரை வைத்தவர் லண்டன் ராயல் சொசைட்டியைச் சேர்ந்த ராபர்ட் ஹூக். சவரக்கத்தி போலத் தீட்டிய பேனாக்கத்தியால் கார்க்கை மெல்லிசாகச் சீவினார். வெளுத்த அந்தச் சீவல் எடுப்பாகத் தெரியக் கறுப்புத் தட்டில் வைத்து, லென்ஸ் ஒன்றால் அதன்மேல் வெளிச்சத்தைக் குவித்தார். நுண்ணோக்கியில் அது தேனடை போல அறை அறையாகத் தெரிந்தது. ஒரு கன அங்குலத்தில் அப்படி 125 கோடிக்கும் மேல் இருக்கும் என்று கணக்கிட்டு, 1665இல் 'மைக்ரோகிராஃபியா' நூலில் வெளியிட்டார். கார்க் என்பது ஓக் மரத்தின் பட்டை. அவர் கண்டது செத்த செல்களின் சுவர்களை. பச்சைத் தாவரங்களில் அந்த அறைகள் சாறு நிறைந்திருப்பதையும் அவர் பார்த்தார். ஆனால் அதன் முக்கியத்துவம் அன்று யாருக்கும் புரியவில்லை.

உயிரோடு நீந்தும் ஒற்றைச் செல் உயிரிகளைக் கண்டவர் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக். அவர் கையால் தேய்த்த லென்ஸ்களில் இன்று எஞ்சியிருக்கும் ஒன்று 270 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுகிறது. ஏரித் தண்ணீரையும் பிறகு தன் பல்லில் சுரண்டிய அழுக்கையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. டச்சு மட்டுமே அறிந்த அவர் எழுதிய கடிதங்களை லண்டன் அறிஞர்கள் முதலில் சந்தேகித்தார்கள். 1677இல் ஹூக்கே சோதித்து உறுதிசெய்தார்.

அதற்குப் பின் நெடிய இடைவெளி. 1831இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் இலைத்தோலின் செல்கள்தோறும் ஒரு வட்டப் புள்ளியைக் கண்டு அதற்கு நியூக்ளியஸ் என்று பெயரிட்டார். நாம் உட்கரு என்கிறோம். பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஒரு சொட்டு சாஃப்ரனின் விட்டுப் பார்க்கும் மாணவர் காண்பதும் அதையேதான்: செங்கல் அடுக்கியது போல நீள அறைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் அழுத்தமாகச் சிவந்த ஒரு பொட்டு.

தாவரங்கள் செல்களால் ஆனவை என்று 1838இல் ஷ்லெய்டனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் ஷ்வானும் அறிவித்தனர். செல் கோட்பாடு பிறந்தது, ஒரு பெரும் பிழையோடு. பாகு உறைந்து கற்கண்டு விளைவது போலப் புதுச் செல்கள் தாமாகத் திரள்கின்றன என்று இருவரும் நம்பினர். ஒரு செல் இரண்டாகப் பிரிந்தே அடுத்த செல் உண்டாகிறது என்பதை பெர்லினில் தவளைக் கருக்களை ஆராய்ந்த ராபர்ட் ரெமாக் 1852இல் எடுத்துரைத்தார். 1855இல் அதை ஊரறியச் சொன்னவர் ருடால்ஃப் விர்ஹோ. பாடநூல்கள் பெரும்பாலும் விர்ஹோவை மட்டுமே குறிக்கின்றன. யூதர் என்பதால் முழுப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்ட ரெமாக்கின் பெயர் விர்ஹோவின் பெயருக்கு முன்பாக இடம்பெறுவதே நியாயம்.

அந்தப் பிரிதல் எப்படி நிகழ்கிறது என்பதைச் சாயங்கள் காட்டின. சாலமாண்டர் புழுப்பருவத்தின் செல்களுக்குச் செயற்கைச் சாயம் ஏற்றிய வால்தர் ஃபிளெமிங், உட்கருவுக்குள் இழைகள் திரண்டு, நீளவாக்கில் பிளந்து, இரு புறமும் விலகுவதை 1882இல் படிப்படியாக வரைந்து வெளியிட்டார். இந்தப் பிரிதலைக் குறிக்கும் மைட்டாசிஸ் என்ற பெயரே இழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

வழக்கமான ஒளி நுண்ணோக்கியால் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. 1945இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி முதன்முதலாக முழுச் செல்லைப் படம்பிடித்த பிறகே செல்லின் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகளும் ரைபோசோம் என்ற நுண்துகள்களும் தெரியவந்தன. செல்லின் உள்ளமைப்பை ஆராய்ந்ததற்காக கிளாட், டி டூவ், பாலடே மூவரும் 1974இல் நோபல் பரிசு பெற்றனர்.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது என்று 1967இல் லின் மார்குலிஸ் எழுதினார். பல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு, தானும் பாக்டீரியா போலவே இரண்டாகப் பிரிந்து பெருகும். பின்னாளில் அந்த டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியா பாக்டீரியாவின் உறவு என்பது உறுதியானது.