பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற பல்கலைக்கழகம்

குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவில் இருப்பது காவிரி மட்டும்தான். பாலத்தில் நடந்தே போய்விடலாம். ஆனா கல்லூரி மாணவருக்கு அது பெரிய எல்லை. இந்தக் கரை நாமக்கல் மாவட்டம், பெரியார் பல்கலைக்கழகம். அந்தக் கரை ஈரோடு மாவட்டம், பாரதியார் பல்கலைக்கழகம். பி.காம் நடுவில் கரை மாறணும்னா காலி இடம் இருக்கணும், இரண்டு பக்கமும் சம்மதிக்கணும், எழுதிய தாள்கள் ஒத்துப்போகணும். ஒத்துப்போகாத தாள்களைத் திரும்ப எழுதணும்.

அதே சமயம், சேலம் தியாகராஜர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த பையன், கலந்தாய்வு வழியாக மாநிலத்தின் எந்த மூலையிலும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மூணு வருஷத்தில் பட்டம்.

கீழிருந்து மேலே ஏறுவது சுலபமாகவும், பக்கவாட்டில் நகர்வது கஷ்டமாகவும் ஏன் ஆச்சு?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அது பாடம் நடத்தும் இடமில்லை, பரீட்சை நடத்தும் இடம். சேலத்தில் அதே ஆண்டு பள்ளியாகத் தொடங்கிய இன்றைய அரசு கலைக்கல்லூரி, பின்னர் ‘இரண்டாம் தரக் கல்லூரி’ ஆனது. எஃப்.ஏ. வரை இரண்டு வருஷம் இங்கே. பி.ஏ. படிக்கணும்னா சென்னைக்கோ திருச்சிக்கோ ரயில் ஏறணும். செலவு உண்டு, ஆனா சமநிலைச் சான்று என்ற பேச்சே இல்லை. வினாத்தாள் ஒன்று, மதிப்பெண் ஒன்று. ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் எஃப்.ஏ. முடித்து சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குப் போனது இந்த வழியில்தான்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்தில் தேறாமல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு மாறினார். அங்கேயும் தேறவில்லை. கல்லூரியை மாற்ற முடிந்தது, பரீட்சையை மாற்ற முடியல.

அந்த ஏணி மெல்ல மறைந்தது. இன்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது. 1978இல் மேல்நிலை வகுப்பு வந்து அதுவும் பள்ளிக்குள் போனது. 1982இல் பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள். 1997இல் பெரியார் பல்கலைக்கழகம். நாமக்கல் தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். ஒரு சான்றிதழுக்காகச் சென்னை வரை அலைந்த சேலத்துக்காரர்களுக்குக் கருப்பூர் வரப்பிரசாதம். ஆனா அருகில் பல்கலைக்கழகம் வந்தபோது, அதன் எல்லைச் சுவரும் கூடவே வந்தது.

பொறியியலில் நடந்தது நேர் எதிர். 2001இல் மாநிலம் முழுக்க இருந்த பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. நடுவில் சில ஆண்டுகள் பிரித்துவிட்டு, 2012இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். டிப்ளமோ தேர்வையும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே பொதுவாக நடத்துது. ஒரே நாணயம், அதனால் எங்கேயும் செல்லுது.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது வழக்கமான பாதை. கலிபோர்னியா 1960லேயே அதைக் கொள்கைத் திட்டமாக்கியது. நம்ம பக்கம் 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் அதே பெயரில் கல்லூரிகள் வந்தன. படிப்பை இடையில் விட்டவர்களுக்குத் தொழிற்பயிற்சியும் வேலையும் தருவது அவற்றின் நோக்கம். நல்ல நோக்கம்தான், ஆனா பட்டப்படிப்புக்கான படிக்கட்டாக அவை வளரவில்லை. அந்த வேலையை இங்கே செய்வது பாலிடெக்னிக்தான்.

இந்தச் சுவரில் முட்டிக்கொள்வது யார்? தறி வேலைக்காகக் குடும்பத்தோடு ஊர் மாறுகிறவர்கள், படிக்கும்போதே கல்யாணமாகி அக்கரைக்குப் போகும் பெண்கள். பலருக்கு ஒரு வருஷம் போகும், சிலருக்குப் படிப்பே போகும். அதனால பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டணத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: பரீட்சையை நடத்துவது யார், அந்த மதிப்பெண் எந்த எல்லை வரைக்கும் செல்லும்?