அண்ணாமலையார் கொடுக்கும் திதியும் இப்னு பதூதாவின் சாட்சியமும்

நம்மிடம் முன்னர் அரபி ஓதிய இளைஞர் ஒருவர் இப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுகலை பயில்கிறார். கள ஆய்வுக்குத் திருவண்ணாமலையைத் தேர்ந்துகொண்டவர், நம் இல்லம் வந்து, "ஹஜ்ரத், ஓரிடத்தில் தயங்கி நிற்கிறேன்" என்றார்.

மானிடவியலா, அது என்ன படிப்பு என்று வினவும் பெற்றோர் நம்மிடையே பலர். ஒரு மக்கட் கூட்டத்தாரிடையே சென்று தங்கி, அவர்தம் வழக்கையும் உறவையும் சடங்கையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதும் கல்வி அது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1920இலும் சென்னையில் 1945இலும் தனித்துறையாயிற்று. அதற்கு முன்பே, 1909இல், எட்கர் தர்ஸ்டன் துரை தென்னாட்டுச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நம் மரைக்காயரும் லெப்பைமாரும் அவற்றில் இடம்பெற்றுள்ளனர். துரையவர்கள் கருவி கொண்டு மக்களின் மூக்கை அளந்தவர். மூக்கின் அளவால் மனிதனை அறியலாமா என்பது வேறு பேச்சு. ஆனால், பிறர் சமயத்தை அவர்தம் நூல்வழியே கற்று, மறுப்புரை கலவாது எழுதும் நெறியை 1030ஆம் ஆண்டளவிலேயே மேற்கொண்டவர் பேரறிஞர் அல்பிரூனி. அதற்காக அன்னார் சமஸ்கிருதம் கற்றார்.

இனி இளைஞரின் தயக்கத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று திருவண்ணாமலைக் கோயிலிலிருந்து அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜனுக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளையற்ற அம்மன்னருக்கு இறைவனே மகனாயினான் என்பது அவ்வூரார் நம்பிக்கை. வரலாற்றில் அவர் போசள மன்னர் மூன்றாம் வல்லாளர். துவாரசமுத்திரம் டில்லிப் படையெடுப்புகளால் நலிந்தபின் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டவர். 1342இல், ஹிஜ்ரி 743இல், அவரைக் கொன்றவர் மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி.

"ஒரு முஸ்லிம் பிள்ளை இதை ஏன் கிளற வேண்டும்? திதியை மட்டும் எழுதிவிட்டு வா" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறினராம்.

நாம் அலமாரியிலிருந்து இப்னு பதூதாவின் ரிஹ்லாவை எடுத்தோம். அதிலிருந்து மாணவருக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியுள்ளோம். மாலத்தீவும் சரந்தீவும் ஓதிக்கொடுப்போம். மதுரைப் பக்கங்கள் வந்தால் தாளைப் புரட்டிவிடுவோம். அன்று புரட்டவில்லை.

இப்னு பதூதா சுல்தானுக்குச் சகலை. இருவரும் மதுரை ஆட்சியை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் பெண்மக்களை மணந்தவர்கள். 1344 வாக்கில் மஃபர் வந்து, அந்த விருந்தோம்பலில் தங்கியவர். அப்படியிருந்தும் எதையும் மறைக்கவில்லை. கண்ணனூர்க் குப்பத்தை முற்றுகையிட்டிருந்த வல்லாளர், உள்ளிருந்தோர் சுல்தானிடம் கேட்டறியப் பதினான்கு நாள் தவணை தந்தார். அந்தத் தவணைக்குள்ளாகவே, நடுப்பகல் ஓய்வில் குதிரைகள் மேய்ச்சலில் நின்றபோது, சுல்தான் பாய்ந்தார். எண்பது வயது மன்னர் சிறைப்பட்டார். மரியாதை காட்டி அவருடைய பொருளையும் யானை குதிரைகளையும் பறித்தபின் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டனர். அதைத் தம் கண்ணாலேயே கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார்.

சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொல்வித்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். வேறெந்த அரசனும் செய்யாத இழிசெயல் என்றும், அதன் பொருட்டே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பே கூறிவிடுகிறார். உணவுவேளையில் தம் முன்னிலையில் ஒரு சிறுவனைக் கொல்லுமாறு கட்டளை பிறந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் எழுதத் தவறவில்லை. தடுக்க முடியாத தம் நிலையையும் சேர்த்தே அவர் ஏட்டில் வைத்தார்.

"இவரை ஏன் ஹஜ்ரத் எங்களுக்கு ஓதிக்கொடுக்கவில்லை?" என்று இளைஞர் கேட்டார். நம்மிடம் விடையில்லை. மதில் பற்றிய வரியை அவருக்காக மீண்டும் ஒருமுறை வாசித்தோம். அவர் அரபியிலேயே எழுதிக்கொண்டு, அடியில் தமிழாக்கமும் கேட்டார். வரும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குச் செல்கிறாராம், நம்மையும் அழைத்திருக்கிறார்.