மடியில் மலர்ந்த நூல்

தமிழ்க் குழந்தை நெடுங்காலம் நூலைக் கண்ணால் அறியுமுன் காதால் அறிந்தது. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முன்சொல்ல, ஏனைய பிள்ளைகள் பின்சொல்லி ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மூதுரையையும் நெட்டுருச் செய்தனர். ஓசை முதலில் நெஞ்சில் நின்றது. பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. நினைவாற்றலை வளர்த்த அம்முறையின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அங்கே நூலும் பிரம்பும் ஒருசேரவே பிள்ளையை அடைந்தன.

இருபதாம் நூற்றாண்டு இந்நிலையை மாற்றியது. 1915இல் பாரதியார் பாப்பாப் பாட்டைப் பாடினார். அதிலும் அறிவுரை உண்டு. ஆனால் விளி வேறு. ஆணையிடும் ஆசானின் இடத்தில், அருகமர்த்திக் கொஞ்சிப் பேசும் உறவின் குரல் வந்தது. 1938இல் வெளிவந்த கவிமணியின் 'மலரும் மாலையும்' பறவையையும் விலங்கையும் குழந்தையின் தோழராக்கியது. வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்கெனப் பாடிய அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தது. அவர் முயற்சியால் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கமும் தோன்றியது.

இந்நூல்கள் எத்தகைய வீடுகளை நோக்கிச் சென்றன என்பது கருதத்தக்கது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பதின்மருக்கும் குறைவு. படித்துக் காட்ட வேண்டிய தாய்க்கே எழுத்துத் தெரியாத காலம் அது. எளிய சந்தமும் எதுகையும் இங்குதான் பெரும்பணி ஆற்றவல்லன. ஒருவர் படிக்க ஒருமுறை கேட்டாலே மனத்தில் பதியும் பாட்டு, எழுத்தறியாத தாயின் நாவிலும் குடியேறும். எழுத்து நுழையாத வீட்டிலும் நூல் நுழைவதற்கு ஓசையே வாயிலாகும்.

குழந்தையோடு சேர்ந்து படிப்பதற்குத் தமிழில் தனித்ததொரு பயனும் உண்டு. நம் பேச்சுமொழி வேறு, எழுத்துமொழி வேறு. வீட்டில் 'வந்துச்சு' என்று கேட்ட பிள்ளை பள்ளியில் 'வந்தது' என்பதைக் காண்கிறது. படித்துக் காட்டக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல் அயலாகத் தோன்றாது. வரியின்கீழ் நகரும் விரலைப் பின்தொடரும் கண், ஒலியே எழுத்தில் உறைகிறது என்பதைத் தானே உணர்ந்துகொள்கிறது. கேட்ட கதையையே மீண்டும் கேட்கும் பிடிவாதமும் கற்றலே. அறிந்த சொல்லை மறுபடியும் எதிர்கொள்ளும் மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிந்தவர்கள். அன்று குரல் இருந்தது, எழுத்து இல்லை. இன்று எழுத்து வந்துவிட்ட வீட்டில் குரல் மறைந்துபோமாயின், அந்த இழப்பு குழந்தையோடு நிற்பதன்று. சந்தம் கேளாமல் வளரும் செவி நாளைக் கவிதைக்கும் கதவைத் திறவாது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்துக் கவிஞர்க்கு இவ்வரலாறு ஒரு கடமையைச் சுட்டுகிறது. அரங்கிற்கு எழுதும் கை மடிக்கும் எழுத வேண்டும்; எழுதியதைத் தம் வீட்டுப் பிள்ளையின் அருகமர்ந்து வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும்.