ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு

புற்றுநோய் என்று தெரிந்தால், சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையிலுள்ள படப்பைக்காரர்களுக்கு இரண்டு திசை உண்டு. ஒரு பக்கம் அடையாறு. முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் எழுந்த மருத்துவமனை. இன்னொரு பக்கம் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை. 1969இல் புற்றுநோய்க்குப் பலியான அண்ணாவின் பெயரைத் தாங்கிய அரசு மருத்துவமனை. 1981இல் சென்னையில் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேடு, ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதைக் காட்டியது. புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் ஐந்தாண்டுக் கணக்காகவே எழுதப்படுகிறது: ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தால் வெற்றி. ஆனால் இரைப்பையை முழுதாக எடுத்தவரின் ஈரலில் சேர்ந்திருக்கும் வைட்டமின் பி12 தீர்ந்துபோகவும் ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது குறைகிற நேரத்தில்தான் இந்தக் குறை தலைகாட்டும். சிகிச்சை முடிந்தது என்று அங்கே கோடு போடுவதுதான் தவறு.

அப்படி இரைப்பையை இழந்தவர் ஒரகடம் தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குப் போகிறவர் என்றால், கால் மதமதப்பதை நின்றே வேலை பார்ப்பதன் வலி என்பார். மூச்சு வாங்குவதை நைட் ஷிஃப்ட் அசதி என்பார். பக்கத்துக் கிளினிக்கில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த சத்து மாத்திரை தருவார்கள். ஆபத்து அங்கேதான். ஃபோலிக் அமிலம் ரத்தத்தைத் தேற்றிவிடும், நரம்பைத் தேற்றாது. ரத்தசோகை மறைய, தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும். இந்த ஃபோலிக் அமிலத்துக்கும் புற்றுநோய்க்கும் பழைய உறவு உண்டு. பம்பாயில் மில் தொழிலாளிப் பெண்களின் பேறுகால ரத்தசோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதை 1931இல் லூசி வில்ஸ் எழுதினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, அந்தச் சாற்றில் இருந்த சத்தான ஃபோலிக் அமிலத்தை அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரித்தது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தபோது நோய் முடுக்கிவிடப்பட்டதைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் கண்டார். அதன் எதிர்மருந்தைக் கொடுத்து 1948இல் நோய் தணிந்ததை அறிவித்தார். கீமோதெரபியின் ஒரு கிளை அங்கே முளைத்தது.

பி12 குறைவதுதான் ஆபத்து என்றால் எல்லாருக்கும் எல்லா வைட்டமினையும் கொடுத்துவிடலாமே என்பார்கள். கூடாது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதென்று 1994இல் தெரிந்தது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும்தான் பி12 குறைகிறது, இரைப்பையை இழந்தவருக்கு மட்டும் என்ன தனி என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்குப் பாலும் மோரும் ஓரளவு ஈடுகட்டும். இவர் தினம் மீனும் முட்டையும் சாப்பிட்டாலும் பயனில்லை. பி12ஐக் குடல் ஏற்கத் துணைசெய்யும் புரதத்தைச் சுரந்த இரைப்பையே இல்லை. ஊசி வேண்டும், அல்லது டாக்டர் சொல்லும் அதிக அளவு மாத்திரை. அந்தச் சின்னக் குப்பியில் இருக்கும் சிவப்பு மருந்து விலை அதிகமானதும் அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவைச் சிகிச்சைத் தேதிக்குப் பக்கத்திலேயே 'பி12, ஆயுள் முழுக்க' என்று பெரிதாக எழுதியிருந்தால், பத்து வருடம் கழித்து அவர் படப்பையில் எந்த டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டினாலும் கண்ணில் படும்.