சோழமண்டலத்தின் தொப்பிக்காரர்

ஓவியர் ராமானுஜத்தின் பேனாச் சித்திரங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். கோட்டின் மேல் கோடு, வளைவின் மேல் வளைவு. தாளில் வெள்ளை இடமே மிச்சமிராது. மாளிகைகள், பாம்புகள், அவற்றுக்கு நடுவே தொப்பி வைத்த சின்ன மனிதர். அந்த மனிதர் அவரேதான்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். மாணவர்களும் நண்பர்களும் பாத்திக் துணி செய்து விற்ற காசு அதற்குக் கைகொடுத்தது. ஐரோப்பாவை நகலெடுக்காமல் நவீனமாக வரைவது எப்படி, நாம் யார் என்பதே அந்தத் தலைமுறையின் பெரிய விவாதம். பணிக்கரே 1963 முதல் ஜாதகக் கட்டங்களையும் எழுத்துப் போன்ற குறிகளையும் வரைந்து பதில் தேடினார்.

ராமானுஜம் மனநோயால் அவதிப்பட்டவர். அவரை அரவணைத்துச் சோழமண்டலத்தில் இடம் கொடுத்தவர் பணிக்கர். அந்த இடம் இல்லாவிட்டால் இந்தப் படங்களில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனாலும் 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனநல டாக்டரிடம் போவதை வீட்டாரே மறைத்த காலம் அது. இன்றும் பல வீடுகளில் அப்படித்தான்.

உங்கள் நண்பர் தன் படத்தைக் காட்ட வந்தால் ஆற அமரப் பாருங்கள். பிறகு, ராத்திரி தூங்கினாயா என்றும் கேளுங்கள்.