மலையில்லா ஊரில் மலைப்புகை

அளவை என்றால் பள்ளிக்கூட இலக்கணத்தில் நாலு: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். கொத்தில் நெல் முகந்து பழகிய அந்தச் சொல்தான் இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பருத்தித்துறையில் உயர்தரக் கலைப்பிரிவுப் பிள்ளையின் கையில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்ற பாடமாக இருக்கிறது. பிள்ளைகள் வாயில் அது லொஜிக்.

நெல்லை அளந்த சொல் அறிவை அளக்கவும் போனது பழங்கதை. வடமொழிப் பிரமாணத்துக்கும் அளத்தல்தான் வேர். மணிமேகலையில், வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். கண்டதை வைத்துக் காணாததைத் துணிவது அவற்றில் ஒன்று, கருத்தளவு. காட்டில் பிளிறல் கேட்டால் யானை உண்டு. வெள்ளம் வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது. கருமுகில் கண்டால் மழை வரும். கடைசி ஒன்றுக்கு ஐப்பசி, கார்த்திகையில் பருத்தித்துறை முனையில் நின்றாலே போதும். வெள்ளத்துக்குத்தான் வழியில்லை, மலையிலிருந்து இறங்கிவரும் ஆறு குடாநாட்டில் கிடையாது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். அந்த நூலுக்கு உரை எழுதியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர். பிறகு, சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகத்தை ஆறுமுக நாவலர் அச்சேற்றினார். ஏடு வைத்திருந்தவர்களின் சொத்து புத்தகமாயிற்று.

தருக்க நூல்களின் தீராத உதாரணம் ஒன்று உண்டு: இம்மலை தீயுடையது, புகையுடைமையால், அடுக்களை போல. பருத்தித்துறைப் பிள்ளை இதைப் பாடமாக்கும்போது மலை எங்கே? சுண்ணக்கல் தரை; கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் விட்டால் பனைதான் உயரம். ஆனால் அடுக்களை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பொச்சும் கங்குமட்டையும் எரிந்து கண்ணைக் கரிக்கும் குசினியில் புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியா புகையா என்ற ஐயம் தீராமலே நெருப்பென்று துணிவதை மணிமேகலையின் அறவண அடிகள் போலி ஏதுக்களில் ஒன்றாகச் சேர்க்கிறார். மாசிப் பனியில் விடியற்காலை ஒழுங்கையால் போனவருக்கு அது உடனே விளங்கும்.

வாதம் இந்தப் பக்கத்தாருக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. பருத்தித்துறையை அடுத்த மேலைப்புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை (1871–1907) சென்னையில் மேடையேறி 'மாயாவாத தும்ச கோளரி' என்ற பட்டத்தோடு நின்றார், திரு.வி.க.வுக்கு ஆசிரியர். வள்ளலார் பாடல்களைப் பற்றிய அருட்பா, மருட்பாச் சண்டையில் நீதிமன்றம் வரை போனார். அங்கே அளவை கொஞ்சம், ஆத்திரம் அதிகம் என்பது என் எண்ணம்.

இன்றைய பாடநூலில் கருதலின் இடத்தில் உய்த்தறிவு, தொகுத்தறிவு, எடுகூற்று, நியாயத்தொடை. மனிதர் யாவரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே அவரும் இறப்பவர். இதற்கு அடுக்களை போன்ற எடுத்துக்காட்டு தேவையில்லை. வடிவம் சரியாக இருந்தால் போதும். பழைய தருக்கமோ எடுத்துக்காட்டைக் கேட்டு வாங்கும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். குறியீட்டு அளவையியலுக்கு வந்தால் சோக்கிரட்டீசும் போய்விடுகிறார். எழுத்தும் அம்புக்குறியும்தான் மிச்சம்.